127 யார்டு சேல்: தம்பதியாகப் போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நாலு நாளில் எவ்வளவு தூரம் முடியும்?

தயிர்சாதம்77:

வணக்கம். நாங்கள் சின்சினாட்டிப் பக்கம் இருக்கிறோம், நானும் மனைவியும் மட்டும்தான். சனிக்கிழமை காலையில், வீட்டுப் பழைய சாமானை வாசலில் விற்கிற கராஜ் சேல் அட்டை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், பால் வாங்கப் போகிறோமா டாக்டரிடம் போகிறோமா என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம், வண்டியைத் திருப்பியே ஆக வேண்டும். இப்போது அவள் ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஒரு அம்மா, பெரும்பாலும் 127ஆம் நம்பர் நெடுஞ்சாலையை ஒட்டியே வருஷா வருஷம் நடக்கிற 127 யார்டு சேல் பற்றிச் சொல்லிவிட்டார். மிச்சிகனில் அடிசன் என்கிற ஊரில் தொடங்கி அலபாமாவில் காட்ஸ்டன் வரைக்கும் 690 மைல், ஆறு மாநிலம், ஆகஸ்ட் மாதம் முதல் வியாழன் ஆரம்பித்து ஞாயிறு வரை, சாலையின் இரண்டு பக்கமும் வீட்டு வாசலிலும் வயலிலும் சாமான் பரப்பி வைத்திருப்பார்களாம். அந்தச் சாலை நம்ம ஊர் வழியாகவே போகிறது என்று தெரிந்ததில் இருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

நான் மேப்பில் பார்த்தேன். 690 மைல், ஒரு நாளைக்கு 175 மைல் என்று வைத்தால் நாலு நாளில் முடித்துவிடலாம் போலத் தெரிகிறது. மிச்சிகன் வரை ஏறிப் போய் அங்கிருந்து இறங்குவதா, இல்லை இங்கிருந்தே தெற்கே போனால் போதுமா?

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமான கேள்வி. இவள் ரங்கநாதன் தெருவில் பழகியவள். நானூறு என்றால் நூற்றிருபது என்று கூசாமல் கேட்பாள், எனக்குத்தான் பக்கத்தில் நிற்க முடியாது. அங்கே கிராமத்துப் பெரியவர்களிடம் இப்படிக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? அவள் பட்டியலில் இருப்பது இரண்டே இரண்டு: ஒரு பழைய இரும்புத் தோசைக்கல், அப்புறம் அவள் அம்மா வைத்திருந்த மாதிரி ஒரு சிங்கர் தையல் மிஷின். எனக்கு ஒன்றும் வேண்டாம். சண்டை போடாமல் திரும்பி வந்தால் போதும்.


நாக்ஸ்வில்_அக்கா:

தம்பி, முதலில் அந்த 175 மைல் கணக்கை அழித்துவிடுங்கள். நாங்கள் மூன்று தடவை போயிருக்கிறோம். முதல் வருஷம் நானும் இப்படித்தான் தாளில் அட்டவணை எல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். டென்னசியில் இருக்கிற கிராஸ்வில்லில் காலை ஏழு மணிக்கு 127இல் ஏறினோம், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மைல் காட்டும் எண்ணைப் பார்த்தால் பதினொன்று. முன்னால் போகிற வண்டி ஒவ்வொன்றும் நின்று நின்று போகும், ஆட்கள் தலையில் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு சாலையைக் கடப்பார்கள், நீங்களே நூறடிக்கு ஒரு தரம் "நிறுத்து நிறுத்து" என்பீர்கள். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் பார்த்தால் அதுவே நிறைய.

மிச்சிகன் வேண்டாம். நேராக டென்னசிக்கு வந்துவிடுங்கள், சின்சினாட்டியில் இருந்து நாலு மணி நேரம்தான். கிராஸ்வில்லுக்கும் கென்டக்கி எல்லைக்கும் நடுவில் இருக்கிற துண்டுதான் எங்களுக்குப் பிடித்தது. இது தொடங்கியதே அங்கேதான். ஃபென்ட்ரஸ் கவுண்டி நிர்வாகத் தலைவராக இருந்த மைக் வாக்கர் என்பவர் 1987இல் ஆரம்பித்து வைத்தது. ஜனங்கள் எல்லாம் இன்டர்ஸ்டேட் என்கிற பெரிய நெடுஞ்சாலையில் பறந்து போய்விடுகிறார்கள், ஊர்ச் சாலைப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அவர்களை உள்ளே இழுக்க என்ன செய்யலாம் என்று யோசித்ததன் விளைவு. இன்றைக்கும் இதற்குத் தலைமையிடம் அந்தக் கவுண்டியில் இருக்கிற ஜேம்ஸ்டவுன்தான்.

ஜேம்ஸ்டவுன் என்றதும் ஞாபகம் வருகிறது. கென்டக்கியிலும் ஒரு ஜேம்ஸ்டவுன் இருக்கிறது, அதுவும் இதே 127 மேலேயே! எங்கள் வீட்டுக்காரர் ரொம்ப சாமர்த்தியமாக மார்ச் மாதமே அறை போட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு டென்னசி ஜேம்ஸ்டவுனில் தெருத் தெருவாக அந்த லாட்ஜைத் தேடுகிறோம், அது கென்டக்கியில் இருக்கிறது. மலைச் சாலையில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தது. அன்று வண்டிக்குள் நடந்த உரையாடலை இங்கே எழுத மாட்டேன். அறை மட்டும் இப்போதே போடுங்கள், மாநிலத்தின் பெயரை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள். அறை கிடைக்காவிட்டால் கிராஸ்வில்லில் கம்பர்லேண்ட் மவுண்டன் ஸ்டேட் பார்க்கில் கேபின் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடிகாரமும் குழப்பும். உங்கள் ஊர் கிழக்கு நேரம். கென்டக்கியில் லிபர்ட்டி தாண்டி ரஸ்ஸல் கவுண்டிக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். தெற்கே சாட்டனூகா வந்தால் மறுபடி கிழக்கு நேரம், அலபாமாவுக்குள் போனால் மறுபடி மத்திய நேரம். "ஏழு மணிக்குத் திறப்போம்" என்று யாராவது சொன்னால் எந்த ஏழு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு விதி. வெள்ளைக் கூடாரம் வரிசையாக நிற்கிற பெரிய வயல் என்றால் அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வியாபாரிகள், இடத்துக்கு வாடகை கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொரு பொருளுக்கும் ஆன்லைனில் என்ன விலை என்று விரல் நுனியில் வைத்திருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், மலிவாகக் கிடைக்காது. அதை விட்டுவிட்டு, வீட்டு வாசலில் மடக்கு மேசை போட்டு, துணி உலர்த்தும் கொடியில் பழைய சட்டைகளைத் தொங்கவிட்டு, ஒரு பாட்டி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில் நிறுத்துங்கள். நான் வாங்கிய நல்ல சாமான் எல்லாம் அப்படிப்பட்ட வாசலில்தான்.

பேரம் பற்றிக் கேட்டீர்கள். பேசலாம், தாராளமாக. கேட்காமல் முழு விலையைக் கொடுத்தால்தான் அவர்களே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆனால் ரங்கநாதன் தெரு கணக்கு செல்லாது. இருபது டாலர் என்றால் "பதினைந்துக்குத் தருவீர்களா?" என்று சிரித்துக்கொண்டு கேட்பது முறை. ஐந்து டாலர் என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் முக்கியமாக ஒன்று, நம்ம ஊரில் வேண்டாம் என்று நாலடி நடந்தால் "அம்மா, வாங்கம்மா, கடைசி விலை சொல்லுங்கம்மா" என்று கூப்பிடுவார்கள் இல்லையா, இங்கே கூப்பிட மாட்டார்கள். "ஹேவ் எ குட் டே" என்று அன்பாக வழியனுப்பி வைப்பார்கள். நான் ஒரு நல்ல பித்தளை விளக்கை அப்படித்தான் விட்டேன், பத்து நிமிஷம் கழித்து வெட்கத்தை விட்டுத் திரும்பி வந்தால் வேறு யாரோ கையில் போகிறது. மூன்று நாலு சாமானை ஒன்றாகச் சேர்த்து வைத்து மொத்தமாக ஒரு விலை கேளுங்கள், அதில்தான் நன்றாக இறங்கி வருவார்கள். அட்டையில் "ஃபர்ம்", அதாவது விலை குறையாது, என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் பேச வேண்டாம்.

ஒரு டாலர், ஐந்து டாலர் தாளாக நிறைய எடுத்துப் போங்கள். கார்டு எங்கேயோ சில இடத்தில்தான், போனில் அனுப்பலாம் என்றால் அந்த மலைமேல் சிக்னல் வருகிற இடமும் வராத இடமும் மாறி மாறி இருக்கும். ஒரு பெரிய தார்ப்பாய், கட்டுவதற்குக் கயிறு, பழைய போர்வை இரண்டு, நிறையத் தண்ணீர். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் இடி மழை வரும். சாப்பாட்டைப் பொறுத்தவரை வழியெல்லாம் பன்றி இறைச்சி பார்பெக்யூவும் எண்ணெயில் பொரித்த "பை" என்கிற பலகாரமும்தான், சைவம் என்றால் முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். ஒருவேளை லுக்அவுட் மலைப் பக்கம் ஜார்ஜியா, அலபாமா வரை இறங்கினீர்கள் என்றால் சாலையோரத்தில் உப்புப் போட்டு வேகவைத்த நிலக்கடலை விற்பார்கள். அப்படியே நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் ருசி, தோலை உறிஞ்சினால் உப்புத் தண்ணீர் வரும்.

கடைசியாகச் சண்டை விஷயம். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு யூ-டர்ன். தாண்டி வந்த கடைக்குத் திரும்பிப் போகச் சொல்ல இரண்டு தடவைதான் உரிமை. அதைத் தீர்த்துவிட்டால் தங்கமே கொட்டிக் கிடந்தாலும் நேராகப் போக வேண்டியதுதான்.


கணக்குப்பிள்ளை:

எல்லோரும் ஆகா ஓகோ என்பதால் ஒரு மாற்றுக் கருத்து இருக்கட்டும். நாங்கள் ஒரு தடவை போனோம். மூன்று ராத்திரி லாட்ஜ் 420 டாலர், பெட்ரோல் 110, சாப்பாடு ஏறக்குறைய 150, வயலில் வண்டி நிறுத்த அங்கங்கே ஐந்து ஐந்தாக ஒரு 30. ஆக 710 டாலர் செலவு செய்து நாங்கள் மிச்சம் பிடித்தது என்ன தெரியுமா? இரண்டு மேசை விளக்கு, ஒன்றில் வயர் பழுது. ஒரு மரப்பெட்டி, பழையது என்று நினைத்து வாங்கினோம், வீட்டுக்கு வந்து அடியில் பார்த்தால் பெரிய கடைச் சங்கிலி ஒன்றின் ஸ்டிக்கர். அப்புறம் ஒரு பை நிறைய எதற்கு வாங்கினோம் என்றே தெரியாத சாமான். கூட்டம், வெயில், புழுதி. இதே சாமான் பக்கத்து குட்வில் பழைய சாமான் கடையில் கிடைக்கும்.

போகிறவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் "மலிவாக வாங்கினேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சுற்றுலா போனேன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

மெத்தை, சோபா எதையும் தொட வேண்டாம், மூட்டைப்பூச்சி வந்தால் அதை விரட்ட ஆகும் செலவில் புது சோபாவே வாங்கலாம். குழந்தை இருக்கிற யாராவது இதைப் படித்தால், பக்கக் கம்பி மேலும் கீழும் இறங்குகிற பழைய தொட்டிலை வாங்காதீர்கள். குழந்தைகள் மாட்டிக்கொண்டு இறந்ததால் 2011 ஜூனில் இருந்து அதை விற்பதே சட்டப்படி தடை, ஆனாலும் தெரியாமல் வாசலில் வைத்திருப்பவர்கள் உண்டு.


நாக்ஸ்வில்_அக்கா:

பிள்ளைவாள், அந்த 710இல் உங்கள் வீட்டம்மா எவ்வளவு சிரித்தார் என்ற வரவைக் காணோமே. :)


கணக்குப்பிள்ளை:

அவரைக் கேட்டேன். விளக்கு இரண்டும் எனக்குத்தான் வேண்டும், பிரச்சினை என்றால் நீங்கள் மாடியில் உட்காருங்கள் என்கிறார்.


பழைய_இரும்பு:

தோசைக்கல் என்ற சொல்லைப் பார்த்ததும் வந்துவிட்டேன். இந்த விஷயத்தில் எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது, கராஜில் நாற்பதுக்கு மேல் தொங்குகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய அமெரிக்க வார்ப்பிரும்பில் எல்லோரும் தேடுவது இரண்டு பெயர். கிரிஸ்வோல்ட், பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் செய்தது, அந்தக் கம்பெனி 1957இல் மூடிவிட்டது. இன்னொன்று வாக்னர், உங்கள் ஒஹையோவிலேயே சிட்னி என்ற ஊரில் வார்த்தது. இப்போது வருகிற கல்லைத் தடவிப் பார்த்தால் மணல் மாதிரி நெறுநெறு என்று இருக்கும். பழையதை வார்த்த பிறகு தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள், கையில் எடுத்தால் எடையும் குறைவு. முறுகல் தோசைக்கு அதுதான் வேண்டும். ஆனால் பெயர் பொறித்திருந்தால் விலையும் அதற்கேற்ப இருக்கும், வெள்ளைக் கூடாரக்காரர்கள் எண்பது, நூறு என்பார்கள். நான் சொல்வது, பெயரே இல்லாத கல்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் விளிம்பை ஒட்டி ஒரு வளையம் இருந்து, அந்த வளையத்தில் மூன்று இடத்தில் வெட்டு விட்டிருந்தால் அது பெரும்பாலும் லாட்ஜ் என்கிற கம்பெனியின் பழைய கல். பெயர் இல்லாததால் பத்து, பதினைந்து டாலருக்குக் கொடுத்துவிடுவார்கள், சமையலில் பெரிய பெயருக்கு ஒரு மாற்றுக் குறையாது. லாட்ஜ் அந்தப் பக்கத்துக் கம்பெனிதான், டென்னசியில் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் 1896இல் இருந்து இருக்கிறது. சாட்டனூகாவில் இருந்து அரை மணி நேரம், கடையும் வைத்திருக்கிறார்கள்.

கைப்பிடியில் 8 என்று இருந்தால் எட்டு அங்குலம் என்று நினைக்காதீர்கள். அது அந்தக் காலத்து விறகு அடுப்பின் வாய் அளவு. எட்டாம் நம்பர் என்றால் மேலே பத்தரை அங்குலம் வரும்.

வாங்கும்போது மூன்று சோதனை. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், குயவரிடம் பானையைத் தட்டி வாங்குவோமே, அதே மாதிரிதான், கணீர் என்றால் சரி, மொத்தையாக ஒலித்தால் எங்கேயோ விரிசல். அடுத்து சமமான இடத்தில், கண்ணாடி மேசை கிடைத்தால் நல்லது, வைத்து லேசாகச் சுண்டுங்கள். பம்பரம் மாதிரிச் சுற்றினால் அடி வளைந்திருக்கிறது, இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகாது. மூன்றாவது, உள்ளே சாம்பல் நிறத்தில் உருகி ஒட்டின மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தில் சிலர் பழைய சட்டியில் ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டோ தூண்டில் குண்டோ வார்ப்பார்கள். அப்படிச் சந்தேகம் வந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

துரு ஒரு பிரச்சினையே இல்லை, துருவைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து, காஸ்டிக் சோடா உள்ள ஓவன் கிளீனரைக் கையுறை போட்டுக்கொண்டு அடித்து, குப்பைப் பையில் கட்டி இரண்டு நாள் வெளியே வைத்தால் பழைய எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் கழன்று வந்துவிடும். கழுவிவிட்டு எஃகு நாரால் துருவைத் தேய்த்து எடுங்கள். உடனே துடைத்து அடுப்பில் காய வைக்க வேண்டும், ஈரமாக விட்டால் கண் முன்னாலேயே செம்பழுப்பாக மாறும். அப்புறம் பழக்குவது. இங்கே யூடியூபில் ஆளி விதை எண்ணெய், 450 டிகிரி ஃபாரன்ஹீட், ஆறு பூச்சு என்று வேதம் மாதிரி ஓதுவார்கள். நான் மெல்லிசாக எண்ணெய் தடவி ஓவனில் இரண்டு தடவை சுட்டுவிட்டு, மிச்சத்தை எங்கள் பாட்டி செய்த மாதிரியே செய்கிறேன். கல்லைக் காயவைத்து நல்லெண்ணெய் விட்டு, பாதியாக வெட்டின வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டியது. முதல் நாலு தோசை பிய்யும். பிய்யட்டும், ஐந்தாவதில் இருந்து வரும்.

இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. டேனிஷ்காரர்கள் எப்லஸ்கிவர் என்று ஒரு உருண்டைப் பலகாரம் செய்வார்கள், அதற்கு ஏழு குழி வைத்து கிரிஸ்வோல்ட் ஒரு சட்டி வார்த்தது, 32ஆம் நம்பர். அசல் குழிப்பணியாரக் கல்! ஜேம்ஸ்டவுன் பக்கம் ஒரு தாத்தா அதை "முட்டை வேகவைக்கிற சட்டி" என்று சொல்லி 18 டாலருக்குக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தின பிறகுதான் மனைவியும் நானும் கத்தினோம்.


ஸ்கார்பரோ_ராசன்:

நாங்கள் டொரோண்டோவில் இருந்து போனனாங்கள், மனிசியும் நானும். அவவுக்கு கண்ணாடிச் சாமானில் விருப்பம். பழைய பச்சைக் கண்ணாடியில் யுரேனியம் கலந்தது ஒரு வகை இருக்கிறது, புற ஊதாக்கதிர் டார்ச் அடித்தால் இருட்டில் பச்சையாக ஒளிரும். அந்தச் சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் தலையை விட்டுத் தேடுகிற ஆட்களைக் கண்டால் பயப்பட வேண்டாம், அவவும் அதில் ஒருத்தி.

பூப்போட்ட பழைய பைரெக்ஸ் கண்ணாடிக் கிண்ணங்களில் வெளியே பூசியிருக்கிற வர்ணத்தில் ஈயம் இருக்கலாம், அழகுக்கு அலுமாரியில் வையுங்கோ, அதில் சோறு கறி வேண்டாம்.

கனடாவில் இருந்து போகிற ஆட்களுக்கு ஒன்று. 48 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் ஆளுக்கு 800 கனேடிய டொலர் வரை வரி இல்லாமல் கொண்டுவரலாம். ஆனால் யார்டு சேலில் ஆர் பில் தருகினம்? அவ ஒரு கொப்பியில் எங்கே, என்ன, எவ்வளவு என்று வரிசையாக எழுதி வைத்திருந்தா. எல்லைப் பாலத்தடியில் நின்ற சுங்க உத்தியோகத்தர் அந்தக் கொப்பியை வாங்கி இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, "இந்தக் கோழி பொம்மைக்கு நாலு டொலர் கூட" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.


தயிர்சாதம்77:

எல்லோருக்கும் நன்றி. டென்னசி ஜேம்ஸ்டவுனில் அறை இல்லை, கிராஸ்வில்லில் கிடைத்தது, மாநிலம் மூன்று தடவை பார்த்துவிட்டேன். தையல் மிஷின் பற்றி யாருக்காவது தெரியுமா?


நாக்ஸ்வில்_அக்கா:

கால் மிஷினா, கையில் தூக்குகிற மாதிரியா? கால் மிஷின் என்றால் இரும்புக் காலோடு வண்டியில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், பின் சீட்டை மடக்கினால் ஹோண்டா சி.ஆர்.வி. மாதிரி வண்டியில் போகும். விலை பெரும்பாலும் சகாயம்தான், யாருக்கும் வைக்க இடம் இல்லை. சின்னக் கறுப்புப் பெட்டியில் வருகிற ஃபெதர்வெயிட், 221 மாடல், 1933இல் வந்தது, எடை ஐந்து கிலோதான். அதற்கு இங்கே துணி ஒட்டுத் தையல் போடுகிறவர்களிடம் அடிதடி, முந்நூறு நானூறு டாலர் சாதாரணம். எதுவாக இருந்தாலும் கைச்சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள், ஊசி ஏறி இறங்க வேண்டும். பாபின் கேஸ், அதாவது அடி நூல் உருளை உட்காரும் சின்ன உலோகக் கூடு, உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், முக்கால்வாசி அதுதான் காணாமல் போயிருக்கும். மின்சார வயரின் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பிளக்கில் சொருகாதீர்கள்.


தயிர்சாதம்77:

போய்விட்டு வந்துவிட்டோம். நேற்று ராத்திரிதான் வந்தோம், இன்னும் வண்டியில் இருந்து பாதி இறக்கவில்லை.

வியாழக்கிழமை கிராஸ்வில்லில் இருந்து வடக்கே கிளம்பினோம். அக்கா சொன்னது சரி, முதல் நாள் பதினான்கு மைல். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது, பால் மால் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பேரோடு ஒதுங்கி நின்றோம், முதல் உலகப் போர் வீரர் ஆல்வின் யார்க்கின் ஊர் அது, அவருடைய பழைய மாவு மில்லும் அங்கே சாலையோரத்தில்தான் இருக்கிறது. அந்த வீட்டு அம்மா எல்லோருக்கும் தக்காளி நறுக்கி உப்புப் போட்டுக் கொடுத்தார். மழையில் நனையாமல் இருக்க அவருடைய மேசையைத் திண்ணைக்குள் இழுக்க நாங்கள் கைகொடுத்தோம், அப்போதுதான் மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருந்த கல்லை இவள் பார்த்தாள். துரு என்றால் அப்படி ஒரு துரு. திருப்பினாள். வளையம். மூன்று வெட்டு. என்னை ஒரு பார்வை பார்த்தாள், கல்யாண மண்டபத்தில் பார்த்ததற்கு அப்புறம் அப்படிப் பார்த்ததே இல்லை. தட்டினாள், கணீர்.

நான் பயந்துகொண்டிருந்த பேரம் வந்தது. விலை பன்னிரண்டு. இவள் என்ன கேட்கப் போகிறாளோ என்று நான் தக்காளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "இதில் என்ன சமைப்பீர்கள்?" என்று கேட்டாள். அந்த அம்மா, அவர் மாமியாருடையது, சோள ரொட்டி சுடுவார் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சொன்னார். இவள் போனில் தோசைப் படம் காட்டினாள். கடைசியில் பேரமே பேசாமல் பன்னிரண்டு டாலரை எடுத்துக் கொடுத்துவிட்டாள். "ரங்கநாதன் தெருவில் எனக்கு யாரும் தக்காளி நறுக்கிக் கொடுத்ததில்லை" என்றாள் வண்டியில் ஏறியதும்.

அதற்குப் பழியெல்லாம் அடுத்த கடையில் ஒரு கூடாரக்காரரிடம் தீர்த்துக்கொண்டாள், அவர் பாவம்.

மிஷின் கிடைக்கவில்லை. ஃபெதர்வெயிட் ஒன்று பார்த்தோம், 350 என்றார், உள்ளே பார்த்தால் பாபின் கேஸ் இல்லை, அக்காவுக்கு ஒரு கும்பிடு. யூ-டர்ன் விதியை முதல் நாள் மதியமே இருவரும் தீர்த்துவிட்டோம், அப்புறம் கடன் வாங்கி ஓட்டினோம், இன்றைய தேதிக்கு அவளுக்கு நான் ஐந்து யூ-டர்ன் தர வேண்டும்.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னேன் இல்லையா, கடைசியில் நான்தான் விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடையைக் கட்டிக்கொண்டிருக்கிற நேரம், இளநீல நிறத்தில் ஒரு கண்ணாடி ஜாடி, துத்தநாக மூடி. கண்ணாடியிலேயே 1858 நவம்பர் 30 என்று எழுத்துப் புடைத்து நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் முந்தையது! விலை 25 டாலர், நான் பேரம் பேசி 20க்கு வாங்கினேன். கணக்குப்பிள்ளை சார், இதை உங்கள் கணக்கில் எப்படி எழுதுவீர்கள்?


பழைய_இரும்பு:

கல்லுக்கு வாழ்த்துகள். பன்னிரண்டு டாலர் என்பது கொள்ளை லாபம்.

ஜாடி விஷயம், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. 1858 நவம்பர் 30 என்பது ஜான் மேசன் அந்தத் திருகு மூடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கின தேதி. அந்தத் தேதியை அதற்குப் பின் அரை நூற்றாண்டு வரைக்கும் ஆளாளுக்கு ஜாடியில் பொறித்து லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். உங்களுடையது அநேகமாக 1900ஐ ஒட்டி இருக்கலாம். பழசுதான், பொய் இல்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு டாலருக்குக் கிடைக்கும்.


கணக்குப்பிள்ளை:

இழப்பு 8 முதல் 10 டாலர் வரை. எழுதிக்கொண்டேன்.


தயிர்சாதம்77:

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு மூடிவிட்டாள்.


பழைய_இரும்பு:

ஐயோ, அந்தத் துத்தநாக மூடியின் உள்பக்கம் வெள்ளைக் கண்ணாடி வில்லை ஒன்று இருக்க வேண்டும், இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் புளிப்பு துத்தநாகத்தைத் தின்று ஊறுகாயில் இறங்கும்.


தயிர்சாதம்77:

இருக்கிறது, ஓரத்தில் விண்டிருக்கிறது. ஊறுகாயைக் குப்பையில் கொட்டியாகிவிட்டது, ஜாடியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். மூடி இல்லாமல் கரண்டி போட்டு வைக்கப் போகிறாளாம். அப்படியே விலையும் கேட்டுவிட்டாள்.